பழைய இன்ஸ்டன்ட் கேமராவை ஊசித்துளைக் கேமராவாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிலிம் நின்றுபோனதாலோ, உள்ளே இருக்கும் மின்சுற்று செத்துப்போனதாலோ அலமாரியில் முடங்கிக் கிடக்கும் இன்ஸ்டன்ட் கேமராக்கள், அதாவது எடுத்த சில நிமிடத்தில் படத்தைக் கையில் தரும் கேமராக்கள், ஏராளம். லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊசித்துளை இட்ட ஒரு தகட்டை வைத்தால் அவை மறுபடி படம் எடுக்கும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதில் படம் பதியப்போகிறது என்று முடிவு செய்த பிறகே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுங்கள். கேமராவைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்புறம் ஃபிலிம் தேடினால் வேலை பாதியில் நின்றுவிடும்.

லென்ஸ் இல்லாமல் படம் எப்படி விழுகிறது?

ஒளி நேர்கோட்டில் செல்கிறது. இருட்டான பெட்டியின் ஒரு பக்கத்தில் மிகச் சிறிய துளை இருந்தால், வெளியே உள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு மெல்லிய கற்றை மட்டுமே உள்ளே வரும். எதிர்ச் சுவரில் அது தன் இடத்தில் ஒரு சிறு வட்டமாக விழும். அந்த வட்டங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் படம். தலைகீழாக இருக்கும், மங்கலாக இருக்கும், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இலையும் தொடுவானத்து மலையும் ஒரே அளவு தெளிவோடு இருக்கும். குவியப்படுத்தும் வேலையே கிடையாது. லென்ஸ் இல்லாமல் ஊசித்துளையால் புகைப்படம் எடுக்கலாம் என்று ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1856-இலேயே எழுதியிருக்கிறார்.

அதற்கு ஓர் அட்டைப்பெட்டி போதாதா? இன்ஸ்டன்ட் கேமரா எதற்கு?

அட்டைப்பெட்டி போதும். ஆனால் பெட்டியில் நாம் திணறும் மூன்று வேலைகளை இன்ஸ்டன்ட் கேமராவின் உடல் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. ஒளி புகாமல் மூடும் கதவு, ஃபிலிமை வளையாமல் தட்டையாகப் பிடிக்கும் அறை, ரசாயனப் பசையைச் சீராகப் பரப்பும் ரோலர்கள். மூன்றாவதை வீட்டில் செய்வது மிகக் கடினம்.

இன்னொரு காரணம் படத்தின் அளவு. 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டம் 24-க்கு 36 மி.மீ. பழைய போலராய்டு பேக் ஃபிலிமின் படம் ஏறத்தாழ 73-க்கு 95 மி.மீ., அதாவது பரப்பில் எட்டு மடங்கு. ஊசித்துளையின் மங்கல் எப்படியும் இருக்கத்தான் போகிறது. படம் பெரிதாக இருந்தால் அந்த மங்கல் கண்ணை உறுத்தாது.

என்னிடம் ஒரு பழைய கேமரா இருக்கிறது. அது எந்த வகை, எதற்கு உதவும்?

மாற்றும் வேலையின் பார்வையில் ஐந்து வகை.

முதலாவது, ரோல் ஃபிலிம் போலராய்டு. போலராய்டை நிறுவிய எட்வின் லேண்ட் தன் முறையை 1947 பிப்ரவரியில் செய்து காட்டினார். முதல் கேமராவான மாடல் 95 அடுத்த ஆண்டு நவம்பரில் விற்பனைக்கு வந்தது. கனமான உலோக உடல், துருத்திபோல மடிந்து நீளும் பெல்லோஸ். இதற்கான ஃபிலிம் நின்று பல காலம் ஆகிறது. போட்டோ பேப்பரையோ தாள் ஃபிலிமையோ வைத்துப் படம் எடுக்க அருமையான உடல்.

இரண்டாவது, 1963-இல் வந்த பேக் ஃபிலிம் கேமராக்கள். படத்தை இழுத்து எடுத்து, காத்திருந்து, உரித்துப் பார்க்கும் வகை. பெல்லோஸ் வைத்த ஆட்டோமேடிக் 100 வரிசையும், கலர்பேக் போன்ற கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகளும் இதில் அடக்கம். ஊசித்துளைக்கு இதைவிடப் பொருத்தமான உடல் கிடையாது என்பேன். பின்பக்கம் முழுவதும் இயந்திரமே இல்லாத எளிய அமைப்பு. முன்பக்கத்தை என்ன செய்தாலும் பின்பக்கம் கவலைப்படாது. குறை ஒன்றுதான்: ஃபிலிம். ஃபியூஜிஃபிலிம் தன் கடைசி பேக் ஃபிலிமான எஃப்பி-100சி-யை நிறுத்துவதாக 2016-இல் அறிவித்தது. இப்போது இருப்பவை காலாவதியான பழைய பொதிகளும், வியன்னாவில் கையால் செய்யப்பட்ட ஒன் இன்ஸ்டன்ட் என்ற ஒற்றைப் படப் பொதிகளும்தான்.

மூன்றாவது, படம் தானாக வெளியே வரும் போலராய்டு: 1972-இன் எஸ்எக்ஸ்-70, 1981-இன் 600, அவற்றின் வழிவந்தவை. 2008-இல் போலராய்டு ஃபிலிம் உற்பத்தியைக் கைவிட்டபோது நெதர்லாந்தின் என்ஸ்கெடே தொழிற்சாலையை இம்பாசிபிள் புராஜெக்ட் குழு எடுத்து நடத்தியது. அதனால் இந்த ஃபிலிம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

நான்காவது, 1998-இல் தொடங்கிய ஃபியூஜியின் இன்ஸ்டாக்ஸ். ஃபிலிம் எளிதில் கிடைக்கும். ஆனால் கேமரா முழுக்க மின்னணு. பிரிக்கப் பொறுமை வேண்டும்.

ஐந்தாவது, கோடக் இன்ஸ்டன்ட். 1976-இல் வந்தது, போலராய்டு தொடுத்த காப்புரிமை வழக்கில் தோற்று 1986 ஜனவரியில் நின்றது. அதற்கு ஃபிலிம் அறவே கிடையாது. உடலைப் பேப்பருக்குப் பயன்படுத்தலாம்.

எதைத் தொடவே கூடாது?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும். குறிப்பாக மடக்கும் எஸ்எக்ஸ்-70, அப்புறம் நல்ல கண்ணாடி லென்ஸும் கையால் அமைக்கும் ஷட்டரும் கொண்ட 110ஏ, 110பி, 180, 195 போன்ற மாடல்கள். இவற்றைச் சரிசெய்து பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஷட்டர் செத்த, லென்ஸில் பூஞ்சை ஏறிய, பேட்டரி அறை அரித்துப்போன கேமராக்களே இதற்கு ஏற்றவை. உயிருள்ள ஒரு கேமராவைக் கெடுத்து ஊசித்துளை செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே படத்தை ஒரு கெட்டுப்போன கேமராவும் தரும்.

பிரிக்கும்போது ஏதாவது ஆபத்து உண்டா?

உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிளாஷ் உள்ள எல்லாக் கேமராவிலும் ஒரு மின்தேக்கி இருக்கும். அது ஏறத்தாழ 300 வோல்ட் வரை மின்னூட்டம் ஏற்றி வைத்துக்கொள்ளும். பேட்டரியை எடுத்த பிறகும் அந்த மின்சாரம் உள்ளேயே இருக்கலாம். போலராய்டு 600, இன்ஸ்டாக்ஸ் இரண்டிலும் இந்தச் சிக்கல் உண்டு.

பேட்டரியை எடுத்துவிட்டு (600 ஃபிலிமில் பேட்டரி பொதிக்குள்ளேயே இருக்கிறது) கேமராவைச் சில நாள் சும்மா வையுங்கள். திறந்ததும் சர்க்யூட் போர்டில் கை வைக்காமல், ஓரிரு கிலோ ஓம் மதிப்புள்ள, அதிக வாட் தாங்கும் மின்தடை ஒன்றின் இரு முனைகளையும் காப்பிட்ட வயரால் மின்தேக்கியின் கால்களில் சில நொடி வைத்து மின்னூட்டத்தை வடியுங்கள். பிறகு மல்டிமீட்டரால் அளந்து ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க வடிப்பது தவறான வழி. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதென்றால், உள்ளே ஃபிளாஷ் இல்லாத பேக் ஃபிலிம் கேமராவைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, ஃபிலிமில் இருக்கும் பசை காரத்தன்மை உள்ளது. கையில் பட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கண்ணுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

லென்ஸைக் கழற்றாமல், அதன் முன்னால் துளைத் தகட்டை ஒட்டினால் என்ன?

படம் வரும், ஆனால் அது ஊசித்துளைப் படம் ஆகாது. லென்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் அதன் வாயை மட்டும் சுருக்கியிருப்பீர்கள். துளையின் மங்கலும் வரும், லென்ஸின் குறுகிய பார்வைக் கோணமும் மாறாது. லென்ஸை எடுத்தால்தான் தூரத்தையும் கோணத்தையும் நம் விருப்பப்படி அமைக்க முடியும்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

துளை பெரிதானால் படம் மங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிகச் சிறிதானாலும் மங்கும். விளிம்பில் பட்டு ஒளி வளைந்து பரவுவதுதான் காரணம். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல அளவு இருக்கிறது. அது துளைக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. இதை ஆங்கில இயற்பியலாளர் லார்ட் ரேலி 1891-இல் ஆராய்ந்து எழுதினார். இன்று பலரும் பயன்படுத்தும் கணக்கு எளிது: தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.0446 ஆல் பெருக்குங்கள். வருவது துளையின் விட்டம், அதுவும் மில்லிமீட்டரில்.

தூரம் 50 மி.மீ. என்றால் துளை 0.32. 60-க்கு 0.35. 75-க்கு 0.39. 110-க்கு 0.47. இதிலிருந்து பத்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. அளவைவிடத் துளை வட்டமாகவும் விளிம்பு பிசிறில்லாமலும் இருப்பதே முக்கியம்.

தூரத்தை அளக்கும்போது கேமராவின் பின்சுவர் வரை அளக்காதீர்கள். ஃபிலிம் உண்மையில் படிந்திருக்கும் தளம் வரை அளக்க வேண்டும். உள்ளே சாய்ந்த கண்ணாடி உள்ள 600 வகையில், துளையிலிருந்து கண்ணாடி வரை, அங்கிருந்து ஃபிலிம் வரை என்று இரண்டையும் கூட்டுங்கள். மொத்தம் 110 மி.மீ.யை ஒட்டி வரும்.

நல்ல துளையை எப்படிச் செய்வது?

மெல்லிய பித்தளைத் தகடு கிடைத்தால் சிறப்பு, 0.05 மி.மீ. தடிமன் போதும். இல்லையென்றால் குளிர்பான அலுமினியக் கேனிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொள்ளலாம். கேனின் பூச்சை இரு பக்கமும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

தகட்டைக் கெட்டியான அட்டை மேல் வைத்து, ஊசியை நேர்குத்தாகப் பிடித்து, சுழற்றிக்கொண்டே மெல்ல அழுத்துங்கள். குத்திவிடக் கூடாது. மறுபக்கம் ஒரு சிறு மேடு தெரிந்ததும் நிறுத்தி, தகட்டைத் திருப்பி, அந்த மேட்டை 600 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மேடு தேயத் தேய அந்த இடத்தில் தகடு மெலிந்து, ஊசி முனை அளவுக்கு ஒரு துளை தானே திறக்கும். பிறகு ஊசியை அதில் விட்டு மெல்லச் சுழற்றி, மறுபடி தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வேண்டிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே குத்தில் போட்ட துளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எரிமலை வாய் மாதிரி விளிம்பு சுருண்டிருக்கும். அந்தச் சுருளில் பட்டுத் தெறிக்கும் ஒளி படத்தின் கரும்பகுதிகளைச் சாம்பல் ஆக்கிவிடும்.

10-ஆம் எண் தையல் ஊசியின் தண்டு ஏறத்தாழ 0.46 மி.மீ. தடிமன். 110 மி.மீ. தூரத்துக்கு அது கிட்டத்தட்ட சரியாகப் பொருந்தும். ஊசி முழுத் தண்டும் நுழையும் வரை விட்டால் போதும். சிறிய துளைகளுக்கு ஊசியின் கூம்பிய பகுதியோடு நிறுத்த வேண்டும்.

அளப்பதற்கு ஸ்கேனர் இருந்தால் போதும். தகட்டை 2400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து துளையின் குறுக்கே எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். ஒரு பிக்சல் சுமார் 0.0106 மி.மீ. ஆக, 0.45 மி.மீ. துளை 42 அல்லது 43 பிக்சல் அகலம் காட்டும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரே எண் வந்தால் துளை வட்டம். கடைசியாகத் தகட்டின் உட்பக்கத்தை மங்கல் கறுப்பாக்குங்கள், துளைக்குள் பெயின்ட் போகாமல்.

பேக் ஃபிலிம் கேமராவை எப்படி மாற்றுவது?

கலர்பேக் போன்ற பிளாஸ்டிக் பெட்டி என்றால் முன்முகப்பை அவிழ்த்து லென்ஸ், ஷட்டர், ஒளியை அளக்கும் ஒளிக்கண், வயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பேட்டரிக்கு இனி வேலை இல்லை. லென்ஸ் இருந்த ஓட்டையின் மேல் துளைத் தகட்டை உட்பக்கமாக, ஒளி புகாத கறுப்பு டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். தூரம் ஏறத்தாழ 114 மி.மீ. இருக்கும், பார்வை இயல்பான கோணத்தில் வரும்.

பெல்லோஸ் வகையில் இரண்டு வழிகள். பெல்லோஸை அப்படியே நீட்டிப் பூட்டி, லென்ஸ் பலகையில் துளையை வைப்பது ஒன்று. பெல்லோஸில் மடிப்பு மூலைகளில் ஓட்டை விழுந்திருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, பெல்லோஸையும் முன்பகுதியையும் முழுதாக அகற்றிவிட்டு, கறுப்பு ஃபோம் போர்டிலோ மெல்லிய பிளைவுட்டிலோ 50 முதல் 75 மி.மீ. ஆழத்தில் ஒரு சின்னப் பெட்டி கட்டிப் பொருத்துவது. எனக்குப் பிடித்தது இதுதான். 50 மி.மீ. தூரத்தில் படத்தின் அகலவாக்கில் ஏறத்தாழ 87 பாகைப் பார்வை கிடைக்கிறது. ஒரு சிறிய அறையின் எதிர்ச் சுவர் முழுவதும் உள்ளே வந்துவிடும். தரையும் வானமும் உங்களை நோக்கி வளைந்து வருவதைப் போன்ற இழுவை படத்தில் தெரியும்.

அதற்கு ஒரு விலை உண்டு. ஓரங்களுக்கு ஒளி அதிக தூரம் சாய்ந்து போக வேண்டியிருப்பதால் மூலைகள் இருண்டுபோகும். 50 மி.மீ.யில் மூலைக்குக் கிடைப்பது நடுவுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். 110-இல் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே கிடைக்கும். இருண்ட மூலை சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு ஆகாது. தூரத்தை முடிவு செய்யுமுன் யோசித்துக்கொள்ளுங்கள்.

அகலக் கோணத்தில் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: தகடு ஆழமான குழிக்குள் இருக்கக் கூடாது. தடித்த பலகையில் சின்ன ஓட்டை போட்டு அதன் பின்னால் தகட்டை ஒட்டினால், பலகையின் கனமே ஓரங்களை மறைத்துவிடும். ஓட்டையை அகலமாக்கி, விளிம்பைச் சாய்வாகச் சீவிவிடுங்கள்.

ஷட்டர்? துளையின் மேல் ஒரு கறுப்பு டேப், அல்லது மேலும் கீழும் நகரும் ஒரு தகடு. நொடிக்கணக்கில் திறந்து வைக்கும் வேலைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஷட்டரைவிட உடலில் ட்ரைபாட் திருகு உறுதியாக இருப்பதே அவசியம். சில மாடல்களில் அந்தத் துளையே இல்லை. அடிப்பக்கத்தில் ஒரு கால் அங்குல நட்டை எபாக்ஸியால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

போலராய்டு 600 வகையில் ஷட்டரை எடுத்துவிட்டால் படம் எப்படி வெளியே வரும்?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இந்தக் கேமராவின் பொத்தான் இரண்டு வேலை செய்கிறது: ஷட்டரைத் திறந்து மூடுவது, மோட்டாரை ஓட்டிப் படத்தை ரோலர் வழியாகத் தள்ளுவது. நமக்கு இரண்டாவது மட்டும் வேண்டும். லென்ஸையும் ஷட்டர் இதழ்களையும் எடுத்துவிட்டு, மோட்டார், கியர், பொத்தான், சர்க்யூட் போர்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள். துளையின் மூடி திறந்திருக்கும் நேரமே எக்ஸ்போஷர். மூடியை மூடிய பிறகு பொத்தானை அழுத்தினால் படம் வெளியே வரும்.

எந்த நெம்புகோல் எதோடு இணைந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால் ஒவ்வொரு பாகத்தை எடுத்ததும் காலியான பழைய ஃபிலிம் பொதியைப் போட்டு மோட்டார் ஓடுகிறதா என்று சோதியுங்கள். காலிப் பொதியின் பேட்டரியில் அதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சம் இருக்கும். கவனம், அந்தச் சோதனையின்போது ஃபிளாஷ் மின்தேக்கி மறுபடி ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் வடித்துவிட்டே கை வையுங்கள்.

இந்த முறையில் ஒரு லாபம்: பொத்தானை அழுத்தாத வரை அதே சட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஒளி பதியலாம். ஒரே படத்தில் காலையையும் மாலையையும் சேர்க்கலாம்.

இன்ஸ்டாக்ஸ் கேமராவையும் இப்படியே மாற்றலாமா?

கொள்கை அதுவே, வேலை கடினம். பல மினி மாடல்களில் லென்ஸ் குழலை வெளியே இழுப்பதே சுவிட்ச். குழலை எடுத்தால் கேமரா விழிக்காது. அந்த சுவிட்சை நிலையாக இணைத்து வைக்க வேண்டியிருக்கும். மினியின் லென்ஸின் குவியத் தூரம் 60 மி.மீ. துளையை அதே இடத்தில் வைத்தால் 0.35 மி.மீ. விட்டம் பொருந்தும்.

கேமராவைப் பிரிக்கவே வேண்டாம் என்பவர்களுக்கு வேறொரு வழி. ஒளி புகாத மாற்றுப் பையில் கையை விட்டு, பொதியிலிருந்து ஒரு ஃபிலிமை மட்டும் உருவி, வேறொரு பழைய உடலில் வைத்து மூடுங்கள். பொதியில் இருந்தபோது எந்த முகம் லென்ஸை நோக்கி இருந்ததோ அதே முகம் துளையைப் பார்க்க வேண்டும். படம் எடுத்த பிறகு மறுபடி பைக்குள், பொதியின் லென்ஸ் பக்கத்தில் முதல் ஃபிலிமாக வைத்து, பொதியை இன்ஸ்டாக்ஸ் கேமராவில் போட்டு, லென்ஸைக் கையால் இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். ரோலர் தன் வேலையைச் செய்யும். மெதுவான வழிதான், ஆனால் ஃபிலிம் நின்றுபோன எந்த உடலையும் இன்றைய ஃபிலிமோடு சேர்த்துவிடலாம்.

படம் இடவலம் மாறி வருகிறதே, ஏன்?

போலராய்டின் 600, எஸ்எக்ஸ்-70 ஃபிலிமில் ஒளி எந்த முகத்தில் படுகிறதோ அதே முகத்தில்தான் படத்தைப் பார்க்கிறோம். அப்படிப் பார்த்தால் காட்சி திரும்பித் தெரியும். அதைச் சரிசெய்யவே அந்தக் கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டு ஃபிலிமைத் துளைக்கு நேராக நிறுத்தினால் எழுத்துகள் எல்லாம் திரும்பி வரும். கண்ணாடியை விட்டுவைத்தால் சரியாக வரும், ஆனால் தூரத்தைக் குறைத்து அகலக் கோணம் செய்ய முடியாது. எது வேண்டும் என்பது உங்கள் முடிவு.

இன்ஸ்டாக்ஸில் ஒளி பின்முகம் வழியே போகிறது, படத்தை முன்முகத்தில் பார்க்கிறோம். பேக் ஃபிலிமில் நெகட்டிவிலிருந்து படம் வேறொரு தாளுக்கு மாறுகிறது. இரண்டுக்கும் கண்ணாடி தேவையில்லை.

எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும்?

முதலில் துளையின் எஃப் எண்ணைக் கண்டுபிடியுங்கள்: தூரத்தைத் துளை விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ.க்கு எஃப்/159, 60-க்கு எஃப்/174, 110-க்கு எஃப்/235 என்று வரும். அந்த எண்ணை 16 ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணால் (அதன் ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்) வகுங்கள். நல்ல வெயிலில் எத்தனை நொடி என்பது கிடைத்துவிடும்.

110 மி.மீ.யில் ஐஎஸ்ஓ 100 பேக் ஃபிலிமுக்கு 2 நொடிக்குக் கொஞ்சம் மேல். ஐஎஸ்ஓ 160 கொண்ட எஸ்எக்ஸ்-70 ஃபிலிமுக்கு 1.3 நொடி. ஐஎஸ்ஓ 640 கொண்ட 600 ஃபிலிமுக்கு மூன்றில் ஒரு நொடி. ஐஎஸ்ஓ 800 கொண்ட இன்ஸ்டாக்ஸுக்கு 60 மி.மீ.யில் 0.15 நொடி மட்டுமே.

கடைசி இரண்டும்தான் சிக்கல். டேப்பைக் கையால் தூக்கி மூடி 0.15 நொடி தருவது நடக்காத காரியம். வெயிலில் எடுத்த முதல் இன்ஸ்டாக்ஸ் ஊசித்துளைப் படங்கள் வெள்ளையாக வெளுத்துப்போவதற்குக் காரணம் இதுதான்; துளை கெட்டதாக நினைத்து வேறு துளை போடாதீர்கள். துளையின் முன்னால் எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் என்டி ஃபில்டரை வைத்தால் 0.15 என்பது 1.2 நொடி ஆகும். அல்லது மேகம் மூடிய நாளில் எடுங்கள். கனத்த மேகத்தில் வெயிலைப்போல எட்டு மடங்கு நேரம் தேவைப்படும், லேசான மேகத்தில் இரண்டு மடங்கு. வீட்டுக்குள் என்றால் மீட்டர் செயலியில் எஃப்/16-க்கு வரும் நேரத்தைப் பார்த்து துளையின் எஃப் எண்ணை 16 ஆல் வகுத்து வர்க்கப்படுத்திய எண்ணால் பெருக்குங்கள்.

ஒரு நொடியைத் தாண்டினால் ஃபிலிமின் உணர்திறன் மெல்லக் குறையும். 10 நொடி என்று கணக்கு வந்தால் 15 முதல் 20 கொடுத்துத் தொடங்குங்கள். நிமிடக்கணக்கில் போனால் இன்னும் கூட வேண்டும். நேரத்தையும் வானிலையையும் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்; அந்தக் குறிப்புகள் சேர்ந்ததும் கணக்கே தேவைப்படாது.

ஃபிலிமே இல்லை. உடலை என்ன செய்வது?

கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பரை வைத்து எடுங்கள். என்னைக் கேட்டால் எல்லோரும் இங்கேதான் தொடங்க வேண்டும். மங்கலான சிவப்பு விளக்கில் வெட்டி உள்ளே வைக்கலாம், டெவலப்பரில் படம் எழுவதைக் கண்ணால் பார்க்கலாம், துளையோ நேரமோ தவறினால் சில நிமிடத்தில் அடுத்ததைப் போடலாம்.

பேக் ஃபிலிம் உடலுக்கு 83-க்கு 108 மி.மீ. அளவில் வெட்டுங்கள். காலிப் பொதி ஒன்று இருந்தால் அதற்குள் வைப்பது எளிது. பளபளப்பான பக்கம் துளையைப் பார்க்க வேண்டும். பேப்பரின் வேகத்தை ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. தூரத்தில் வெயிலில் 16 நொடி, 110-இல் 36 நொடி. படத்தை எழுப்பும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர், தண்ணீர் என்று வழக்கமான வரிசை. கிடைப்பது நெகட்டிவ், ஸ்கேன் செய்து நிறத்தைத் தலைகீழாக்கினால் படம்.

பேப்பருக்குச் சிவப்பு ஒளி தெரியாது, நீலம் மிகையாகத் தெரியும். அதனால் வானம் வெளுக்கும், செங்கல் சுவர் கறுக்கும். கான்ட்ராஸ்ட் கூடினால் மல்டிகிரேடு பேப்பரோடு (ஃபில்டரால் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய பேப்பர்) ஒரு மஞ்சள் ஃபில்டரை வைத்துப் பாருங்கள். தணியும், நேரம் கூடும்.

ஒளிக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேப்பரால்தான். துளையை மூடி, உள்ளே ஒரு பேப்பரை வைத்து, கேமராவை வெயிலில் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் திருப்பி வையுங்கள். டெவலப் செய்தால் வெள்ளையாகவே இருக்க வேண்டும். சாம்பல் கோடு தெரிந்தால் அது எந்தப் பக்கம் தடித்திருக்கிறதோ அந்த ஓரத்தில் கசிவு. ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள், வ்யூஃபைண்டர் வழி, ஒளிக்கண் இருந்த இடம் இவற்றை முதலில் பாருங்கள்.

வ்யூஃபைண்டர் பொருந்தாதே?

பொருந்தாது. கேமராவின் தலையில், துளைக்கு நேர் மேலே ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து ஃபிலிமின் இரு ஓரங்களுக்கும் கோடு வரையுங்கள். பின்னாலிருந்து அந்த இரு கோடுகளின் நீட்சியில் பார்த்தால் படத்தில் எது அடங்கும் என்று தெரியும். பக்கவாட்டிலும் அப்படியே வரைந்தால் மேல் கீழ் எல்லை கிடைக்கும்.

படத்தில் பட்டைகளும் வெள்ளைத் திட்டுகளும் வருகின்றன. துளையா காரணம்?

பெரும்பாலும் இல்லை. ரோலரில் காய்ந்த பசை ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்தால் ரோலர்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம். காலாவதியான பேக் ஃபிலிமில் பசைப் பை காய்ந்துபோய் ஒரு மூலை பதியாமலே போகும், அதற்கு மருந்தில்லை. புதிய போலராய்டு ஃபிலிம் வெளியே வரும் கணத்தில் வெளிச்சம் பட்டால் வெளுக்கும், அதனால் படம் வெளிவரும் வாசலில் உள்ள மூடுதிரையைப் பிரிக்கும்போது தொலைத்துவிடாதீர்கள். குளிரில் படம் வெளிறும், சூட்டில் நிறம் சாயும். போலராய்டு ஃபிலிமுக்கு 13 முதல் 28 பாகை செல்சியஸ் ஏற்றது.

ஆட்களைப் படம் எடுக்கலாமா?

தாராளமாக. பேப்பரில் எடுப்பதென்றால் உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் சுவரோ நாற்காலி முதுகோ இருக்கும்படி பாருங்கள். கண் சிமிட்டுவது பதியாது. தலை அசைந்தால் பதியும்.

பிற்பாடு பழையபடி மாற்ற முடியுமா?

ஒட்டாமல் திருகியும் டேப் போட்டும் வைத்திருந்தால் முடியும். கழற்றிய ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். பெல்லோஸை அறுத்திருந்தாலோ முன்பகுதியை வெட்டியிருந்தாலோ திரும்ப வழியில்லை. கழற்றிய லென்ஸையும் ஷட்டரையும் தூக்கி எறியாதீர்கள். அதே மாடலைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த ஷட்டரின் ஒற்றை ஸ்பிரிங் தேவைப்படலாம்.